கொல்லனை மணந்த அழகு

கிரேக்கரின் ஆதிகாவியமாகிய இலியட்டின் 18ஆம் பாகத்தில் ஒரு காட்சி வருகின்றது. போரிலே படைக்கலங்களை இழந்து நிற்கும் தன் மகன் அக்கிலீசுக்குப் புதியவை செய்வித்துக் கொடுக்க விரும்பிய கடல்மகள் தெற்றிஸ், தேவர்களின் கொல்லனாகிய ஹெபீஸ்தொசின் இல்லத்தை நாடிச் செல்கின்றாள். உள்ளே அவன் துருத்திகளுக்கிடையில் வியர்வை வழிய வேலை செய்துகொண்டிருக்கின்றான். தாமாகவே உருண்டு சென்று திரும்பவல்ல இருபது முக்காலிகளை உருவாக்கும் முயற்சி அது. வெளியே வந்து விருந்தினளின் கைப்பற்றி அழைத்துச் செல்பவள் அவனுடைய மனைவி. ஒளிவீசும் தலையணி பூண்ட அவளது பெயர் காரிஸ். எழில் என்பது அச்சொல்லின் பொருள். மனைவி அழைத்த குரல் கேட்டு, கருவிகளை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, முகத்தையும் கைகளையும் மயிரடர்ந்த மார்பையும் கடற்பஞ்சினால் துடைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி வெளியே வருகின்றான் அந்தத் தேவகம்மியன்.

ஒடிசி காவியமோ இக்கொல்லனுக்கு வேறொரு மனைவியைக் கூறும். அங்கே அவள் அழகுக்கும் காதலுக்கும் தலைவியாகிய அபிரோடைற்றி. ஹோமருக்கு அடுத்துவைத்து எண்ணப்படும் ஹீசியட் என்னும் புலவர், எழில் தேவியர் மூவருள் இளையவளான அக்லாயாவை அவனுக்கு மணஞ்செய்து வைக்கின்றார். மூன்று பாடங்களும் பெயரில் முரண்படுகின்றன, உறவில் முரண்படவில்லை. அழகு என்பவள் கொல்லனின் மனைவி. ஒலிம்பிய மலைத் தேவர்களுள் உலைக்களத்திற் கரிபடிந்து உழைப்பதையே தொழிலாகக் கொண்டவன் அவன் ஒருவனே. ஊனமுற்றவன் என்பதற்காகப் பெற்ற தாயே அவனை வானத்திலிருந்து எறிந்தாள் என்பதும், அவன் விருந்திலே ஓடியாடி மது வார்ப்பதைக் கண்டு ஏனைய தேவர்கள் அடக்கமாட்டாமற் சிரித்தனர் என்பதும் அதே இலியட் தரும் செய்திகளே. சிரிப்புக்கிடமான இவ்வுழைப்பாளிக்கு எழிலை மனைவியாக்கிப் பார்த்த ஆதிக் கிரேக்க மனம் எத்தகையது? அம்மணம் பின்னர் எவ்வாறு முறிந்தது? நூதனசாலைகளிலே கைகளை இழந்து நிற்கும் சலவைக்கல் அழகியரை நோக்கும்போது இவ்வினாக்கள் எழாமலிருக்க முடியாது. ஆங்கிலக் கவிதைகளின் அடிக்குறிப்புகள் வாயிலாக இத்தேவியரை அறிந்துகொண்ட நம்மவர்க்கு, அவர்கள் ஏதோ காற்றில் மிதந்து வந்த கற்பனைப் பாவையராகவே தோன்றிவிட்டனர்.

முதலில் எழில் தேவியரைப் பார்ப்போம். காரிஸ் என்பதன் பன்மை காரிற்றீஸ். உரோமர் இவர்களைக் கிராற்றியே என்றனர். அதிலிருந்தே ஆங்கிலத்தாரின் ‘கிரேஸ்’ பிறந்தது. காரிஸ் என்ற சொல்லை வெறுமனே அழகு என்று பெயர்த்துவிட்டால் பாதிப்பொருள் போய்விடும். கண்டார் உள்ளத்தை மகிழ்விக்கும் எழில், ஒருவர் மற்றவர்க்குச் செய்யும் உதவி, உதவி பெற்றவர் கொள்ளும் நன்றி ஆகிய மூன்றையும் அவ்வொரு சொல் தாங்கி நின்றது. கொடுப்பதும் பெறுவதும் திருப்பிக் கொடுப்பதும் ஒரே அசைவின் உறுப்புகளாக வாழ்ந்த சமுதாயத்திற்றான் அழகுக்கும் நன்றிக்கும் ஒரே பெயர் இருத்தல் கூடும்.

இத்தேவியரின் மிகப் பழைய இருக்கை என்று கிரேக்கர் கருதியது பியோசியா நாட்டு ஒர்கொமெனஸ் நகரம். கி. பி. 2ஆம் நூற்றாண்டிற் கிரேக்க நாடெங்கும் கால்நடையாகவும் கலமேறியும் சுற்றிய பவுசானியஸ் என்பார், அங்கே மக்கள் பெரிதும் போற்றி வழிபட்டவை வானத்திலிருந்து விழுந்தனவாகக் கருதப்பட்ட கற்களே என்று எழுதியுள்ளார். செதுக்கிய சிலைகள் அவர் காலத்திலேதான் அங்கு வைக்கப்பட்டனவாம். எழிலின் முதல் வடிவம் உருவமற்ற கல்! அபிரோடைற்றியின் தலைமைத் தலமான சைப்பிரஸ் தீவின் பாபொஸ் நகரிலும் இவ்வாறே. அங்கே கோயிலில் வழிபடப்பட்டது கூம்பு வடிவான கல்லொன்று. உரோமர் காலத்து நாணயங்களில் அக்கல்லின் உருவத்தைக் காணலாம். மனிதவடிவ அழகு பிற்பட்ட வரவு. விளைவையும் வளத்தையும் வேண்டி நின்ற வழிபாடே முந்தியது.

அதென்ஸ் நகரத்தார் பழங்காலத்தில் வழிபட்ட எழில் தேவியர் இருவர் மாத்திரமே. ஒருத்தி ஒக்சோ, வளர்ச்சியைத் தருபவள் என்பது பொருள். மற்றவள் ஹெகெமொனி, முன்னின்று நடத்துபவள். இவை மேனியழகைக் குறிக்கும் பெயர்கள் அல்ல. வயலிலே பயிரும் வீட்டிலே பிள்ளையும் வளர்வதைப் பார்த்திருந்தவர்கள் வைத்த பெயர்கள். ஸ்பாட்டாவினரும் இருவரையே வழிபட்டனர். மூவர் என்ற கணக்கையும், அக்லாயா, யூப்புறோசினி, தாலியா என்னும் பெயர்களையும் நிலைநாட்டியவர் ஹீசியட். ஒளி, களிப்பு, செழுமை என அவற்றை ஒருவாறு தமிழாக்கலாம். தாலியா என்ற பெயர் விருந்தின் நிறைவையும் சுட்டும் என்பது கவனிக்கத்தக்கது. ஹீசியட் உழவர். குளிர் மிகுந்த மலையூரில் மண்ணோடு மல்லாடியவர். நிறைந்த விருந்தை அவர் ஒரு தெய்வமாகக் கண்டதில் வியப்பில்லை.

இத்தேவியர் சோம்பியிருந்தவர்களும் அல்லர். இலியட்டின் 5ஆம் பாகத்தில் அபிரோடைற்றி போர்க்களத்திற் காயமடைகின்றாள். தியொமீடிஸ் பாய்ந்து குத்திய வேல் அவள் அணிந்திருந்த ஆடையைக் கிழித்துக் கைத்தோலைத் துளைக்கின்றது. அவ்வாடையை யார் நெய்தார் என்பதைப் புலவர் அவ்விடத்திற் சொல்லத் தவறவில்லை. எழில் தேவியரே தம் கைவருந்தி நெய்தனர். வேல் பாயும் வேளையிலும் நெய்தவரை நினைக்கும் அக்கவியுள்ளம் உழைப்பை அறிந்த உள்ளம். அக்காலத்துக் கிரேக்க மகளிர் அரசியாயினும் அடிமையாயினும் தறியோடு வாழ்ந்தவர்கள். ஹெலன் நெய்கின்றாள், பெனிலோப்பி நெய்கின்றாள், தேவியரும் நெய்கின்றனர். அழகு செய்பொருளாக இருந்தது. செய்தவர் யார் என்பதும் தெரிந்திருந்தது.

காலம் மாறிற்று. கடல் வாணிபம் பெருகி, நாணயம் புழங்கி, அடிமைகளின் தொகை கூடிய கி. மு. 5ஆம், 4ஆம் நூற்றாண்டுகளுக்கு வந்தால், உடலுழைப்பைப் பற்றிய பேச்சே வேறாகிவிடுகின்றது. உலைக்களத்தருகிலும் நிழலிலும் உட்கார்ந்து செய்யும் தொழில்கள் உடலைக் கெடுத்து உள்ளத்தையும் மெலிவிப்பன, ஆகவே நல்ல நகரங்கள் அவற்றை இழிவாக நோக்குகின்றன என்று சோக்கிரத்தீசின் வாயில் வைத்துப் பேசுகின்றார் செனபொன். இதிலுள்ள வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். சோக்கிரத்தீஸ் கல்தச்சர் ஒருவரின் மகன்! அக்கிரொப்பொலிஸ் குன்றின் வாயிலில் ஆடையணிந்த எழில் தேவியர் சிலைகள் நின்றன என்றும், அவற்றைச் செதுக்கியவர் அந்தச் சோக்கிரத்தீசே என்று மக்கள் கூறினர் என்றும் பவுசானியஸ் குறித்துள்ளார். இது வேறொரு சோக்கிரத்தீசாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் ஐயுறுவர். ஐயம் நியாயமானதே. எனினும் தத்துவஞானியின் கையில் உளியைக் கொடுத்துப் பார்க்க மக்கள் விரும்பினர் என்பது உண்மை.

அரிஸ்ரோட்டில் இவ்விடத்தில் இருமுறை நம்மை நிறுத்தி வைக்கின்றார். ‘அரசியல்’ என்ற நூலின் முதற் பாகத்தில், ஹெபீஸ்தொசின் முக்காலிகளைப் போலக் கருவிகள் தாமே இயங்குமாயின், நெசவுக்கோல் தானே நெய்யுமாயின், எசமானர்க்கு அடிமைகள் வேண்டியதில்லை என்கின்றார். நாம் தொடக்கத்திற் கண்ட அதே முக்காலிகள். கொல்லனின் வீட்டிலே அவை உழைப்பின் கனவாக இருந்தன. தத்துவஞானியின் நூலிலோ அடிமைமுறைக்கு நியாயம் கூறும் வாதத்தின் நடுவே வந்து நிற்கின்றன. அவரது ஒழுக்கவியல் நூலின் 5ஆம் பாகத்தில் எழில் தேவியரே வருகின்றனர். வீடு கட்டுவோனும் செருப்புத் தைப்போனும் தத்தம் பொருள்களை எந்த அளவிற் பரிமாறிக்கொள்வது என்று ஆராயும் இடத்தில், நகரத்தார் ஏன் இத்தேவியரின் கோயிலைக் கண்ணிற்படும் பொதுவிடத்தில் அமைக்கின்றனர் என்று விளக்குகின்றார். பெற்றதைத் திருப்பிச் செய்யவும், அடுத்தமுறை தாமே முந்திக்கொண்டு உதவவும் மக்களுக்கு நினைவூட்டுவதற்காகவாம். 1867இல் வெளிவந்த ‘மூலதன’த்தின் முதலாம் அத்தியாயத்தில் கார்ல் மார்க்ஸ் எடுத்து ஆராய்ந்த பகுதியும் இதுவே. செருப்புத் தைப்போனுக்கும் வீடு கட்டுவோனுக்கும் இடையில் எழில் தேவியரின் கோயில் நின்றது என்பதை அழகியல் நூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

அபிரோடைற்றிக்கு வருவோம். அவள் கிரேக்கத்திற்கு வந்தேறியவள். அவளுடைய கோயில்களுள் மிகப் பழையது சிரியா நாட்டு அஸ்கலோனில் உள்ளதே என்றும், சைப்பிரஸ் தீவாரே தம் வழிபாடு அங்கிருந்து வந்ததாக ஒப்புகின்றனர் என்றும், கித்தேரா தீவிற் கோயில் எடுத்தவர் பினீசியரே என்றும் கி. மு. 5ஆம் நூற்றாண்டிலேயே ஹெரதோத்தஸ் எழுதிவைத்தார். மெசப்பொத்தேமியாவின் இஷ்தாரும் பினீசியரின் அஸ்தார்த்தேயும் கப்பலேறிக் கடற்கரை தோறும் இறங்கி வந்தபோது ஏற்ற வடிவங்களுள் ஒன்றே இக்கிரேக்கத் தேவி. விண்ணவனாகிய யுரேனசின் துண்டிக்கப்பட்ட உறுப்பு கடலில் விழ, அங்கெழுந்த நுரையிலிருந்து அவள் பிறந்தாள் என்பது ஹீசியட் கூறும் கதை. ஹோமரோ அவளைச் சீயசுக்கும் தியோனிக்கும் பிறந்த மகளாக்கினார். இவ்விரு பிறப்புக் கதைகளையும் பற்றிக்கொண்டு பிற்காலத்தில் ஒரு பெரிய அநியாயம் நிகழ்ந்தது.

அதென்ஸ் நகரத்தில் அபிரோடைற்றி பந்தேமொஸ் என்ற பெயருடன் இத்தேவிக்குக் கோயில் இருந்தது. பந்தேமொஸ் என்பதற்கு ‘மக்கள் அனைவர்க்கும் உரியவள்’ என்பது பொருள். சிதறிக் கிடந்த ஊர்களைத் தீசியஸ் மன்னன் ஒரே நகரமாக இணைத்தபோது இவ்வழிபாட்டை ஏற்படுத்தினான் என்று பவுசானியஸ் எழுதுகின்றார். மக்கள் எல்லோரும் பழைய அவையிற் கூடிய இடத்தருகே கோயில் இருந்தமையாலேயே அப்பெயர் வந்தது என்பது இன்னொரு பழங்குறிப்பு. எவ்வாறாயினும் அது ஒற்றுமையின் பெயர். குடிமக்கள் கூட்டத்தின் பெயர். பிளேற்றோவின் ‘விருந்து’ என்ற உரையாடலுக்கு வந்தால் நிலை தலைகீழாகின்றது. அங்கே பேசும் பிரபு ஒருவர் அபிரோடைற்றியர் இருவர் என்று பிரிக்கின்றார். தாயின்றி விண்ணிற் பிறந்தவள் உயர்ந்தவள், அவளே யுரேனியா. தாய் வயிற்றிற் பிறந்தவள் தாழ்ந்தவள், உடலின்பத்தையே நாடும் அற்பர்க்கு உரியவள், அவளே பந்தேமொஸ். ‘அனைவர்க்கும் உரியவள்’ என்ற சொல் சீமான்களின் நாவில் ‘மலிந்தவள்’ என்று மாறிவிட்டது. மக்களைக் குறித்த சொல் இழிசொல்லாவதற்கு இதனைவிடத் தெளிவான சான்று மொழி வரலாற்றில் அரிது. அப்பிரிவினை பின்னர் மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலி வரை நீண்டு, விண்ணக அழகு வேறு, மண்ணக அழகு வேறு என்று ஓவியர்களின் தூரிகையையும் ஆட்டிவைத்தது.

பெண்ணின் நிலைக்கும் இத்தேவியின் கோலத்துக்கும் உள்ள தொடர்பு ஸ்பாட்டாவில் வெளிப்படையாகத் தெரிகின்றது. அங்கு ஆயுதம் தாங்கிய அபிரோடைற்றி ஒருத்தி இருந்தாள். அவளது கோயிலின் மேல்மாடியிலே மோர்போ என்ற பெயரில் இன்னொருத்தி முக்காடிட்டு அமர்ந்திருந்தாள். அவள் கால்களில் விலங்கு. மனைவியர் கணவர்மீது வைக்கவேண்டிய கற்பின் உறுதியைக் காட்டவே தின்தாரியுஸ் மன்னன் அவ்விலங்கைப் பூட்டினான் என்று பவுசானியசுக்குச் சொல்லப்பட்டது. அழகின் தேவிக்கே கால்விலங்கு! ஆயினும் பெண்ணின் குரலிலே அவளை அழைத்தவர்களும் இருந்தனர். கி. மு. 600ஐ ஒட்டி லெஸ்பொஸ் தீவில் வாழ்ந்த சாபோ என்னும் பெண்புலவரின் முழுமையாகக் கிடைத்த பாடல் அபிரோடைற்றியை நோக்கிய வேண்டுகோளாகும். அதிலே தேவி எட்டாத உயரத்தில் நிற்பவளல்லள். துயருற்ற பெண்ணின் பக்கத்தில் வந்து நின்று போராடும் தோழி.

அதென்ஸ் நகரத்துக் குடும்பப் பெண்ணுக்கு அத்தகைய நெருக்கத்தை ஆண்கள் அனுமதித்தார்களா? செனபொனின் இல்லறவியல் நூலில் வரும் இஸ்கொமாக்கஸ் என்ற செல்வர், முகத்துக்கு வெண்பூச்சும் செம்பூச்சும் பூசி, உயரம் தோன்றக் குதியுயர்ந்த செருப்பணிந்து வந்த தன் இளமனைவிக்கு உபதேசம் செய்கின்றார். மாப்பிசைவதும் துணிகளை உதறி மடிப்பதும் வீட்டுவேலைகளைச் சுற்றிவந்து மேற்பார்ப்பதுமே உண்மையான நிறத்தைத் தரும் என்பது அவர் கண்ட மருந்து. கொல்லனின் உழைப்பு உடலைக் கெடுக்கும் என்ற அதே நூல், மனைவியின் உழைப்பு அழகைக் கூட்டும் என்றும் சொல்கின்றது. யாருடைய வசதிக்கு எது அழகு என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இனி, அழகைச் செதுக்கிய கைகளைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். அக்கிரொப்பொலிசின் மீதுள்ள எரெக்தியொன் கோயிலின் கட்டடக் கணக்குகள் கல்லிற் பொறிக்கப்பட்டுக் கிடைத்துள்ளன. கி. மு. 409 முதல் கி. மு. 407 வரையிலான வேலைக்குரிய கணக்கு அது. நிலை இன்னதென்று தெரிந்த 86 தொழிலாளருள் 24 பேர் குடிமக்கள், 42 பேர் பிறவூரிலிருந்து வந்து குடியேறியோர், 20 பேர் அடிமைகள் என்று ஆராய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர். ஒரே தூணில் அடிமையும் குடிமகனும் அருகருகே நின்று பள்ளவரி செதுக்கினர். நாட்கூலி பெரும்பாலும் ஒரு திறக்மா. அடிமைக்கும் அதே கணக்கு. ஆனால் அவனுடைய கூலி எசமானைச் சேரும். மேல்வரிசைச் சித்திரப்பட்டைக்குச் செதுக்கிய உருவம் ஒன்றுக்கு 60 திறக்மா. சிறுமி ஒருத்தி சாய்ந்து நிற்கும் பெண்ணுருவத்துக்கு, இரண்டு உடல்களானபடியால், 80 திறக்மா. உலகமெல்லாம் வியக்கும் எழிலின் விலைப்பட்டியல் இவ்வாறு வரிவரியாக நம் கையில் உள்ளது. கூரையைத் தலையிற் சுமந்து நிற்கும் புகழ்பெற்ற ஆறு மகளிரைக் கணக்கெழுதியோர் ‘பெண்கள்’ என்று மாத்திரமே குறித்தனர்.

கைகளை வணங்காமற் கைவினையை மாத்திரம் வணங்கும் வழக்கம் வேரூன்றி நெடுங்காலம் நிலைத்தது. ஒலிம்பியாவிலுள்ள சீயசின் சிலையைக் கண்டு மகிழும் நற்குடிப் பிறந்த இளைஞன் எவனும் தான் பீடியஸ் ஆகவேண்டும் என்று விரும்பமாட்டான் என்று, கி. பி. முதலாம் நூற்றாண்டிற் பிறந்த புளூட்டாக் எழுதினார். அடுத்த நூற்றாண்டைச் சேர்ந்த லூசியன், தம் இளமையைப் பற்றி ஒரு கதை சொல்கின்றார். சிற்பியான மாமனிடம் தொழில் பழகச் சென்று, முதல் நாளே கற்பலகையை உடைத்து, அடிவாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவருகின்றார். அன்றிரவு கனவில் இரு பெண்கள் அவரைப் பிடித்து இழுக்கின்றனர். ஒருத்தி கல்வி; நல்லாடையும் நல்ல தோற்றமும் உடையவள். மற்றவள் சிற்பக்கலை; கைகள் காய்த்துப்போய், தலைமயிர் அவிழ்ந்து, மேனியெல்லாம் கற்பொடி படிந்திருந்தாள். சிறுவன் கல்வியின் பக்கம் போகின்றான். எத்தனையோ அழகுத் தேவியரைச் செதுக்கிய கலைக்கு அவர் கொடுத்த உருவம் அதுதான். கொல்லன் வீட்டு வாயிலில் ஒளிவீசும் தலையணியுடன் நின்ற காரிசை இக்கற்பொடிக்காரியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இடையிற் சென்ற எண்ணூறு ஆண்டுகளின் கதை விளங்கும்.

பெண்தெய்வத்தின் ஆடை களையப்பட்டதும் இவ்விடைக்காலத்திற்றான். ஆடவனின் நிர்வாணச் சிலைகள் கி. மு. 600 அளவிலேயே கிரேக்கத்தில் எங்கும் நின்றன. அது உடற்பயிற்சிக் களத்தில் நின்ற சுதந்திரக் குடிமகனின் பெருமிதம். தேவியரோ ஆடையுடனேயே செதுக்கப்பட்டனர். பார்த்தினனின் கிழக்கு முகப்பிலிருந்து எல்ஜின் பிரபு கொண்டுசென்றதும் 1816 முதல் பிரித்தானிய நூதனசாலைக்கு உரிமையானதுமான சிற்பத்தில், மற்றொருத்தியின் மடியிற் சாய்ந்து கிடப்பவள் அபிரோடைற்றி என்பர். நீரிலே நனைந்ததுபோல் மேனியோடு ஒட்டிய மெல்லாடையை அங்கே காணலாம். கி. மு. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிராக்சிற்றலிஸ் இரு சிலைகளை ஒரே வேளையில் விற்பனைக்கு வைத்தார் என்று பிளினி கூறுகின்றார். ஒன்று ஆடையணிந்தது, மற்றது ஆடையற்றது. விலை ஒன்றே. கொஸ் தீவார் அடக்கமானதை வாங்கிக்கொண்டனர். அவர்கள் ஒதுக்கியதை வாங்கிய நீடொஸ் நகரம் அதனாலேயே பெரும்புகழ் பெற்றது. கடற்பயணிகள் அதைக் காண்பதற்கென்றே கப்பலேறி வந்தனர். பின்னர் நிக்கொமீடிஸ் என்ற அரசர், சிலையைத் தந்தால் உங்கள் நகரத்தின் கடன் முழுவதையும் அடைத்துவிடுகிறேன் என்று கேட்டபோது நீடொஸ் மக்கள் மறுத்துவிட்டார்கள். கடன் சிறிதன்று, ஆயினும் மறுத்தார்கள். பொதுச்சொத்தான அழகை விற்க மறுத்த அம்மக்களை நான் மதிக்கின்றேன்.

அச்சிலைக்கு மாதிரியாக நின்றவள் தெஸ்பியே ஊரைச் சேர்ந்த பிறைனி என்ற கணிகை என்று பிற்காலத்தார் எழுதினர். அவளைப் பற்றி நீதிமன்றக் கதைகள் பல உண்டு. அவற்றை இரசிப்பதற்கென்றே எழுதப்பட்டவை பல. நம் கவனத்துக்குரியது ஒன்றே. குடும்பப்பெண் வெளியே தோன்றலாகாது, கணிகை தோன்றலாம் என்ற ஏற்பாடுடைய நகரத்தில், தெய்வத்தின் முகத்துக்கு மாதிரி எங்கிருந்து கிடைத்திருக்கும்? கோயிலில் அவளை வணங்கியவர்களே தெருவில் அவளை இகழ்ந்தனர். கொரிந்து நகரத்து அபிரோடைற்றி கோயிலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கணிகை அடிமைகள் இருந்தனர் என்று ஸ்திராபோ எழுதியதை நெடுங்காலம் அப்படியே நம்பினர். ஸ்ரெபனி பூடின் போன்ற ஆய்வாளர் 2008இல் இத்தகைய செய்திகளை மூலச்சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, ‘கோயிற் கணிகையர்’ பற்றிய கதைகளிற் பெரும்பகுதி பிறரைப் பழிக்கப் புனைந்தது என வாதிட்டனர். பெண்ணடிமைகளை விற்ற சந்தைகள் புனைவல்ல என்பதையும் உடன்சொல்ல வேண்டும்.

எழில் தேவியரும் ஆடை இழந்தனர். முதன்முதல் அவர்களை ஆடையின்றிக் காட்டியவர் யாரென்று தம்மால் அறிய முடியவில்லை என்று பவுசானியஸ் குறைப்படுகின்றார். இருவர் முகங்காட்டி நிற்க, நடுவிலிருப்பவள் முதுகுகாட்டித் தோழியரின் தோள்களிற் கையிட்டு நிற்கும் அந்த அமைப்பு உரோமப் பேரரசெங்கும் பரவிற்று. பொம்பெயிச் சுவரிலும் பிணப்பேழைகளிலும் சீமாட்டியரின் முகக்கண்ணாடிகளிலும் அது காணப்படுகின்றது. செனேக்கா தம் காலத்தில் வழங்கிய விளக்கமொன்றைக் குறிப்பிடுகின்றார்: ஒருத்தி கொடுப்பவள், ஒருத்தி பெறுபவள், ஒருத்தி திருப்பித் தருபவள். பழைய பொருள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆனால் அதைச் சொன்ன செனேக்காவோ நீரோவின் அமைச்சராய் இருந்து பெருஞ்செல்வம் சேர்த்தவர். இத்தகைய விளக்கங்களையெல்லாம் வெறும் பிதற்றல் என்று அவரே தள்ளியும் விடுகின்றார்.

மறுமலர்ச்சிக் காலத்துப் பொத்திச்செல்லியின் மெல்லாடை மூவரையும், ரபாயேலின் ஆப்பிள் ஏந்திய மூவரையும், ரூபென்சின் பருத்த மூவரையும் இங்கு விரிக்க இடமில்லை. அவை கலைஞர்களின் வெற்றிகள் என்று மட்டும் கூறிச் செல்லலாம். இத்தாலியச் சிற்பி கனோவா செய்த மூவரின் கதை வேறுவகையில் நமக்குப் பயன்படும். நெப்போலியனின் முன்னாள் மனைவி யோசப்பீனுக்காக ஒன்றைச் செய்தார்; அது இரஷ்யா சென்று ஹெர்மிற்றாச்சில் உள்ளது. 1817இல் முடிந்த இன்னொன்றை ஆங்கிலப் பிரபுவாகிய பெட்போர்ட் கோமகன் வாங்கித் தம் மாளிகையில் அதற்கெனத் தனி மண்டபம் எழுப்பினார். 1994இல் அதனை இலண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலையும் ஸ்கொத்லாந்து தேசிய கலைக்கூடமும் சேர்ந்து 76 இலட்சம் பவுணுக்கு வாங்கின. கண்ணிற்படும் பொதுவிடத்தில் நின்று, கொடுத்ததைத் திருப்பிக் கொடு என்று நினைவூட்டிய தேவியர், தனியார் மண்டபத்துக்குள் ஒன்றே முக்கால் நூற்றாண்டு இருந்துவிட்டுப் பொதுப்பணத்தாலும் செல்வர் நன்கொடையாலும் மீட்கப்பட்டனர்.

இச்சிலைகளின் வெண்மை பற்றியும் ஒரு சொல். தூய வெண்மையே கிரேக்க அழகு என்ற எண்ணம், 1764இல் வின்கெல்மான் எழுதிய கலைவரலாற்றின் பின் ஐரோப்பாவிற் சமயக்கொள்கைபோல் ஊன்றிற்று. உண்மையில் அச்சிலைகள் வண்ணந் தீட்டப்பட்டவை. தம் சிலைகளுள் எவை சிறந்தவை என்று கேட்டபோது, ஓவியர் நிக்கியாஸ் கைவைத்தவையே என்று பிராக்சிற்றலிஸ் விடையிறுத்ததாகப் பிளினி எழுதியுள்ளார். 1937-38இல் பிரித்தானிய நூதனசாலையில், பார்த்தினன் சிற்பங்களை மேலும் வெண்மையாக்க விரும்பிச் செப்புக் கருவிகளாற் சுரண்டிவிட்டார்கள். 2009இல் நுண்கருவி கொண்டு ஆராய்ந்தவர்கள் அதே சிற்பங்களில் நீலவண்ணத் துணுக்குகளைக் கண்டார்கள். வண்ணம் தீட்டியவனின் பெயர் எக்கணக்கிலும் இல்லாமற்போகப் பார்த்தது, நீலத்துணுக்கு மிஞ்சிற்று.

இறுதியாக மீலொஸ் தீவு. இன்று உலகில் அழகின் பெயரால் மிகப் பலர் சென்று காணும் சிலை அத்தீவினது. அதே தீவு வரலாற்றில் வேறொரு காரணத்தால் முன்னரே அறியப்பட்டது. கி. மு. 416இல் நடுநிலை வகிக்க விரும்பிய மீலொஸ் மக்களைப் பேரரசாய் விளங்கிய அதென்ஸ் முற்றுகையிட்டது. சரணடைந்தபின் பிடிபட்ட வயதுவந்த ஆடவரைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது. துசிடைடிஸ் இதனை ஒரு வரியிற் கூறி முடிக்கின்றார். பார்த்தினனைக் கட்டி முடித்து இருபது ஆண்டுகள் கூட ஆகாத அதென்ஸ் அது.

1820ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், துருக்கியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அத்தீவில், யோர்கொஸ் கென்றொற்றாஸ் என்ற குடியானவர் கட்டட வேலைக்காகப் பழைய கற்களைத் தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து அபிரோடைற்றி வெளிப்பட்டாள். அருகே நின்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி வூத்தியே அதைக் கண்டார். விலை பேசினார்கள், பிரெஞ்சுத் தூதுவர் வாங்கினார், 1821இல் அது லூவர் நூதனசாலையை அடைந்தது. அதே ஆண்டிற் கிரேக்க மக்கள் விடுதலைப் போரைத் தொடங்கினர். நெப்போலியன் கவர்ந்து வந்த மெடிச்சி வீனசை 1815இல் இத்தாலிக்குத் திருப்பிக் கொடுக்க நேர்ந்த பிரான்சுக்கு, அதற்கு ஈடான ஒரு வீனஸ் உடனடியாகத் தேவைப்பட்டது. பிராக்சிற்றலிசின் பெயரோடு அது வந்தால் இன்னும் நல்லது.

ஆனாற் சிலையோடு வந்த பீடத்துண்டு ஒன்றில் எழுத்துகள் இருந்தன. மேயாண்டர் ஆற்றங்கரை அந்தியோக்கியாவைச் சேர்ந்த, மெனிடெசின் மகன் அலெக்சாந்திரஸ் செய்தான் என்பது அதன் பொருள். பெயரின் முதலெழுத்துகள் மாத்திரம் உடைந்திருந்தன. அவ்வூர் பிராக்சிற்றலிஸ் காலத்திற்குப் பின்னரே நிறுவப்பட்டது. எனவே சிலை பிராக்சிற்றலிசின் கையால் ஆனதாக இருக்க முடியாது. அத்துண்டு சிலைக்கு உரியதன்று என்று கூறி ஒதுக்கிவைத்தனர். பின்னர் அது நூதனசாலையிலிருந்து காணாமற் போயிற்று, இன்றுவரை கிடைக்கவில்லை. 1821இல் தெபே என்ற இளைஞர் சிலையை வரைந்தபோது பீடத்தையும் அதன் எழுத்துகளையும் சேர்த்தே வரைந்திருந்தார். அந்தியோக்கியாவின் அச்சிற்பி தன் பெயரை வெட்டிய வரிகள் அச்சித்திரத்திலேதான் எஞ்சியுள்ளன.